அந்த ஆபத்துக்கு யார் கையெழுத்துப் போட்டது?

எங்கட வீடுகளில் இப்போது எத்தனை மருத்துவக் கருவிகள் இருக்கின்றன என்று ஒருக்கா எண்ணிப் பாருங்கள். மேசையில் பிறஷர் பார்க்கிற மெசின். அதற்குப் பக்கத்தில் சீனி பார்க்கிற மெசின், இல்லாவிட்டால் கையில் ஒட்டிய சென்சர். கட்டிலடியில் அப்பா இரவில் மூச்சுக்குப் போடுகிற சீபாப். கோவிட் காலத்தில் அவசரமாக வாங்கி இன்னும் லாச்சிக்குள் கிடக்கிற ஒக்சிமீற்றர். சொந்தத்தில் யாரோ ஒரு மாமாவின் நெஞ்சுக்குள் ஒரு பேஸ்மேக்கர்.

இவற்றில் ஒன்றுகூட நூறு வீதம் பாதுகாப்பானது இல்லை. இது குற்றச்சாட்டு இல்லை, உண்மை நிலை. ஒவ்வொரு கருவிக்கும் பின்னால் எங்கேயோ ஓர் அறையில் நாலைந்து பேர் இருந்து, "இந்தக் கருவியில் இன்ன இன்ன பிழை வரலாம், அது இவ்வளவு தடவைதான் வரும், வந்தால் இவ்வளவுதான் சேதம், ஆகவே பரவாயில்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். அந்தப் "பரவாயில்லை" எப்போது நியாயமானது, எப்போது அநியாயமானது என்பதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. எங்கள் பிள்ளைகளில் கனபேர் வாட்டர்லூவிலும் ரொறன்ரோவிலும் மென்பொருள் படித்துவிட்டு இப்போது அந்த அறைக்குள் போய் இருக்கிறார்கள். அவர்களுடைய பெற்றோர் அந்தக் கருவிகளை மாட்டிக்கொண்டு இருக்கிறார்கள். இரண்டு பக்கமும் நாங்கள்தான்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதை முதலில் பார்த்துவிடுவோம். கனடாவின் மருத்துவக் கருவி ஒழுங்குவிதிகள் 1998-இல் வந்தவை. அவற்றின் போக்கு எளிமையானது. ஆபத்து எதுவென்று கண்டுபிடி. இல்லாமல் செய்ய முடிந்தால் செய். முடியாவிட்டால் முடிந்தவரை குறை, தடுப்பு வை, எச்சரிக்கை ஒலி வை. அதற்கும் மிஞ்சி நிற்பதைப் பாவிக்கிறவருக்குச் சொல். அந்த மிச்ச ஆபத்து, நோயாளிக்குக் கிடைக்கிற நன்மையோடு வைத்துப் பார்க்கும்போது ஏற்கத்தக்கதாக இருக்க வேண்டும். சரி, "ஏற்கத்தக்கது" என்றால் எவ்வளவு? கருவி செய்கிற கொம்பனிகள் எல்லாம் கையில் வைத்திருக்கிற ஐ.எஸ்.ஓ. 14971 என்ற சர்வதேசத் தரநிலை 2000-ஆம் ஆண்டு முதன்முதலில் வெளியானது, கடைசியாக 2019-இல் புதுப்பிக்கப்பட்டது. ஆபத்தை எப்படி எடைபோடுவது என்று அது விரிவாகச் சொல்கிறது. எந்த அளவு ஆபத்து ஏற்கத்தக்கது என்று மட்டும் சொல்லாது. அந்தக் கோட்டை உற்பத்தியாளரே கீற வேண்டும்.

ஆபத்தையே எடுக்கக்கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொன்னால் இந்த நகரத்தின் மிகப் பெரிய பெருமையையே மறுக்க வேண்டி வரும். 1922 ஜனவரி 11-ஆம் திகதி ரொறன்ரோ ஜெனரல் ஆஸ்பத்திரியில் லெனார்ட் தொம்சன் என்ற 14 வயதுப் பையனுக்கு முதல் இன்சுலின் ஊசி போடப்பட்டது. பையனின் எடை 65 இறாத்தல் அளவுதான். எலும்பும் தோலும். ஊசியில் இருந்த சாறு சுத்தமில்லாதது. அது அவர்களுக்கும் தெரியும். ஊசி போட்ட இடம் வீங்கியது, சீனி பெரிதாக இறங்கவில்லை, நிறுத்திவிட்டார்கள். கொலிப் என்ற உயிர்வேதியியலாளர் இரவு பகலாகச் சுத்திகரித்துக் கொடுத்த மருந்தோடு ஜனவரி 23-ஆம் திகதி மறுபடி தொடங்கினார்கள். பையன் எழும்பி நடந்தான், பிறகு 13 வருடம் வாழ்ந்தான். இன்றைய கணக்கில் அந்த முதல் ஊசி பயங்கரமான ஆபத்து. ஆனால் மறுபக்கத்தில் இருந்தது நிச்சயமான சாவு. போட்டவர்கள் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றார்கள், விளைவைக் கண்ணால் பார்த்தார்கள், பிழை என்று கண்டதும் நிறுத்தினார்கள். இந்த மூன்றும்தான் முக்கியம்.

இனி அதே ஒன்ராறியோவில், ரொறன்ரோவில் இருந்து ஒரு மணித்தியாலக் கார் ஓட்டத்தில், 63 வருடம் கழித்து நடந்ததைப் பார்ப்போம்.

1985 ஜூலை 26. ஹமில்ரனில் ஒன்ராறியோ புற்றுநோய் அறக்கட்டளையின் கிளினிக். கருப்பை வாய்ப் புற்றுநோய்க்காக 40 வயதுப் பெண் ஒருவர் கதிர்ச்சிகிச்சைக்கு வந்திருந்தார். அந்த மெசினில் அது அவருக்கு 24-ஆவது தடவை. மெசினின் பெயர் தெராக்-25. செய்தது கனடா அரசுக்குச் சொந்தமான அணுசக்திக் கூட்டுத்தாபனம், ஏ.இ.சி.எல். உலகின் முதல் கோபால்ட் கதிர்ச்சிகிச்சை 1951-இல் கனடாவில்தான் நடந்தது, ஆகவே இந்தத் துறையில் கனடாவின் பெயருக்கு ஒரு தனி மரியாதை இருந்தது. மெசின் ஐந்து செக்கனில் நின்றுவிட்டது. திரையில் ஒரு பிழைச் செய்தி; கூடவே, கதிர் எதுவும் போகவில்லை என்ற அறிவிப்பு. ஒபரேட்டர் "தொடரவும்" என்ற கீயை அழுத்தினார். மறுபடி நின்றது. மறுபடி அழுத்தினார். ஐந்தாவது தடவை நின்றபோது மெசின் முழுதாகப் பூட்டிக்கொண்டது. ரெக்னீஷியன் வந்து பார்த்தார், ஒரு பிழையும் பிடிபடவில்லை. இது அங்கே புதினமான விஷயமும் இல்லை. இந்த மொடல் மெசின்களில் சில நாட்களில் 40 தடவை வரைகூட ஏதாவது பிழைச் செய்தி வரும் என்று ஓர் ஒபரேட்டர் பிற்பாடு சொல்லியிருக்கிறார்.

அந்தப் பெண் அப்போதே சொன்னார், இடுப்பில் எரிகிறது, கரண்ட் அடித்த மாதிரி இருக்கிறது என்று. அன்றைக்கே இன்னும் ஆறு பேருக்கு அதே மெசினில் சிகிச்சை நடந்தது. மூன்று நாள் கழித்து அவர் திரும்பி வந்தபோது இடுப்பு வீங்கி, தாங்க முடியாத வலி. அப்போதுதான் மெசினை நிறுத்தினார்கள். ஒரு தடவைக்குச் சுமார் 200 ராட் என்பது வழக்கமான அளவு. அவருக்குப் போனது 13,000-க்கும் 17,000-க்கும் இடையில் என்று பிறகு மதிப்பிட்டார்கள். நவம்பர் 3-ஆம் திகதி அவர் புற்றுநோயால் இறந்தார். உயிரோடு இருந்திருந்தால் இடுப்பு மூட்டையே மாற்ற வேண்டி வந்திருக்கும் என்று பிரேத பரிசோதனை சொன்னது.

இந்த மெசினின் உள்ளமைப்பைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அப்போதுதான் எங்கே கையெழுத்துப் போட்டார்கள் என்பது விளங்கும். ஒரே மெசின் இரண்டு வேலை செய்யும். ஒன்று, மெல்லிய இலத்திரன் கதிரை நேரடியாகப் பாய்ச்சுவது. மற்றது, அதைவிடச் சுமார் நூறு மடங்கு வலுவான கதிரை ஓர் உலோகத் தகட்டில் மோதவிட்டு எக்ஸ்-கதிராக மாற்றுவது. தகடு இடத்தில் இல்லாமல் வலுவான கதிர் வந்தால் நேரே உடம்பில் இறங்கும். இதற்கு முந்திய மொடலான தெராக்-20-ல் இதைத் தடுக்கத் தனியாக மின்சுற்றுப் பூட்டுகள் இருந்தன. கணினி என்ன சொன்னாலும் தகடு இல்லையென்றால் கதிர் வராது. தெராக்-25-ல் அந்தப் பூட்டுகளை எடுத்துவிட்டு, பொறுப்பை மென்பொருளிடம் கொடுத்தார்கள். மென்பொருளை எழுதியது ஒரே ஒரு புரோகிராமர், பிடிபி-11 கணினியில், அசெம்பிளி மொழியில், பல வருடங்களாக. பழைய மொடல்களின் கோடும் அதற்குள் இருந்தது.

பூட்டை எடுக்கலாம் என்று யார் முடிவெடுத்தது, எந்தக் கணக்கில்? 1983 மார்ச்சில் ஏ.இ.சி.எல். ஒரு பாதுகாப்பு ஆய்வு செய்தது. மென்பொருளில் இருக்கக்கூடிய பிழைகளை அந்த ஆய்வு சேர்க்கவில்லை. மென்பொருள் தேயாது, நிறையச் சோதித்தாயிற்று, ஆகவே பிழை வந்தால் வன்பொருளில்தான் வரும் என்பது அவர்களின் ஊகம். கணினி பிழையான சக்தியைத் தெரிவுசெய்வதற்கான வாய்ப்பு என்று அந்த ஆவணத்தில் ஓர் எண் இருந்தது: பத்தாயிரம் கோடியில் ஒன்று. பிழையான முறையைத் தெரிவுசெய்ய நூறு கோடியில் நான்கு. எங்கேயிருந்து இந்த எண்கள் வந்தன என்பதற்கு அந்த ஆவணத்தில் விளக்கம் இல்லை. மொத்தமாகவே உலகத்தில் ஓடிய தெராக்-25 மெசின்கள் பதினொன்று. ஆறு கனடாவில், ஐந்து அமெரிக்காவில். அந்தப் பதினொன்றில் இரண்டு வருடத்துக்குள் ஆறு விபத்து.

ஹமில்ரனுக்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு இன்னும் கோபம் வருகிற இடம். ஏ.இ.சி.எல். ஆக்கள் வந்து பார்த்தார்கள். அந்தப் பிழையை அவர்களால் மறுபடி வரவழைக்க முடியவில்லை. தகடு இருக்கிற சுழல்மேசையின் நிலையைக் காட்டுகிற ஒரு சின்ன சுவிட்சில் சந்தேகப்பட்டார்கள். சந்தேகம் மட்டும்தான், காரணம் உறுதியில்லை என்று அவர்களே எழுதினார்கள். அந்தச் சுவிட்ச் ஏற்பாட்டைத் திருத்தினார்கள். அதோடு, புதிய ஏற்பாடு பழையதைவிடக் குறைந்தது ஒரு இலட்சம் மடங்கு பாதுகாப்பானது என்றும் அறிவித்தார்கள். காரணமே தெரியாத ஒரு பிழைக்கு இலட்சம் மடங்கு நிவாரணம்! கனடா சுகாதாரத் திணைக்களத்தின் கதிர்வீச்சுப் பாதுகாப்புப் பிரிவுக்கு இது போதவில்லை. நவம்பர் 8-ஆம் திகதி எழுதிய கடிதத்தில், தனியான வன்பொருள் பூட்டுகளும் மென்பொருள் மாற்றங்களும் வேண்டும் என்று கேட்டது. கேட்டபடி அப்போது நடக்கவில்லை.

டிசம்பரில் அமெரிக்காவின் வோஷிங்டன் மாநிலத்தில் யக்கிமா ஆஸ்பத்திரியில் ஒரு பெண்ணுக்கு உடம்பில் கோடு கோடாகக் காயம். 1986 மார்ச் 21-இல் ரெக்சாஸில் ரைலர் நகரத்தில் ஓர் ஆண். ஒபரேட்டர் எக்ஸ்-கதிர் என்று தட்டிவிட்டு, பிழை என்று கண்டு உடனே இலத்திரன் என்று திருத்தினார். திறமையான ஒபரேட்டர், விரல் வேகம். அந்த வேகம்தான் பிரச்சினை. மெசின் தன் காந்தங்களைச் சரிசெய்ய எடுக்கிற எட்டு செக்கனுக்குள் திருத்தம் முடிந்தால், திரையில் திருத்தம் தெரியும், உள்ளே பாதிதான் மாறியிருக்கும். ஏ.இ.சி.எல். வந்து பார்த்து, வேறெங்கும் இப்படி நடந்ததாகத் தங்களுக்குத் தெரியாது என்றது. ஹமில்ரனில் நடந்து எட்டு மாதம். ஏப்ரல் 7-இல் மெசின் மறுபடி ஓடத் தொடங்கியது, ஏப்ரல் 11-இல் இரண்டாவது ஆள் அடிபட்டார். மூன்று வாரத்தில் அவர் இறந்தார்.

காரணத்தைக் கண்டுபிடித்தது கொம்பனி இல்லை. ரைலர் ஆஸ்பத்திரியின் பௌதிகவியலாளர் ஃபிரிட்ஸ் ஹேகர், அந்த ஒபரேட்டரையும் கூட்டிவைத்துக்கொண்டு திரும்பத் திரும்பத் தட்டிப் பார்த்து, வேகமாகத் தட்டினால்தான் பிழை வருகிறது என்று பிடித்தார். ஏ.இ.சி.எல். அனுப்பிய உடனடி நிவாரணம் என்ன தெரியுமா? கீபோர்ட்டில் மேல் அம்புக்குறி கீயைக் கழற்றிவிட்டு, அதன் தொடுமுனையில் ரேப் ஒட்டச் சொன்னார்கள். நான் கதை விடவில்லை.

1987 ஜனவரியில் யக்கிமாவிலேயே இன்னொருவர். இது வேறு பிழை. ஒரு பைட் அளவு உள்ள ஓர் எண்ணியை மென்பொருள் ஒவ்வொரு சுற்றிலும் ஒன்று ஒன்றாகக் கூட்டிக்கொண்டே போனது. பூச்சியம் என்றால் "சோதிக்கத் தேவையில்லை" என்று அர்த்தம். ஒரு பைட்டில் 255-க்கு மேல் பிடிக்காது, ஆகவே ஒவ்வொரு 256-ஆவது தடவையும் அது பூச்சியமாகிவிடும். சரியாக அந்தக் கணத்தில் ஒபரேட்டர் கீயை அழுத்தினால் சோதனையே நடக்காது. ஒரு வரித் திருத்தம். அடுத்த மாதம் இரண்டு நாட்டு அதிகாரிகளும் எல்லா மெசின்களையும் நிறுத்தச் சொன்னார்கள். இந்த விபத்துகளில் குறைந்தது மூன்று பேர் கதிர்வீச்சின் விளைவால் இறந்தார்கள். இந்த வரலாற்றை நான்சி லெவ்சனும் கிளார்க் டேர்னரும் 1993-இல் முழுமையாக எழுதினார்கள். கணினிப் படிப்பில் அநேகமாக எல்லோரும் அதைக் கேள்விப்பட்டிருப்பார்கள். பாடமாகப் படிக்கும்போது அது "மென்பொருள் பிழை" என்ற தலைப்பில் வரும். எனக்கு அந்தத் தலைப்பில் சம்மதமில்லை.

ஏனென்றால் அதே எட்டு செக்கன் பிழை தெராக்-20-லும் இருந்தது. சிக்காகோ பல்கலைக்கழகத்தில் மாணவர்கள் அந்த மெசினில் கண்டபடி தட்டிப் பழகும்போது ஃபியூஸ் எரிந்துகொண்டே இருந்தது. ஃபியூஸ்தான் எரிந்தது, ஆள் எரியவில்லை, ஏனென்றால் அங்கே பூட்டு இருந்தது. ஆகவே கொன்றது கோட்டில் இருந்த பிழை மட்டும் இல்லை. பூட்டை எடுக்கலாம் என்று ஏற்றுக்கொண்ட முடிவும், ஹமில்ரன் பெண் "எரிகிறது" என்று சொன்ன பிறகும் அந்த முடிவைத் திரும்பத் திறந்து பார்க்காததும்தான்.

ரைலரில் அதற்கு முன் இரண்டு வருடத்தில் 500-க்கும் மேற்பட்டவர்களுக்கு அந்த மெசினில் பிரச்சினை இல்லாமல் சிகிச்சை நடந்திருந்தது. "இத்தனை பேருக்கு ஒண்டும் நடக்கேல்ல" என்பது எங்கள் துறையில் மிக ஆபத்தான வசனம். 256-இல் ஒரு தடவை வருகிற பிழைக்கு, வராத 255 தடவையும் சாட்சி இல்லை.

நான் மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவன். சில வருடம் ஆஸ்பத்திரிக் கருவிகளோடு தொடர்புள்ள மென்பொருள் செய்கிற ஓர் இடத்தில் வேலை செய்தேன், பெயர் வேண்டாம். அங்கே ஆபத்துக் கூட்டம் என்று ஒன்று நடக்கும். பெரிய அட்டவணை. ஒரு பக்கம் சேதம் எவ்வளவு என்று 1 முதல் 5 வரை, மற்றப் பக்கம் எத்தனை தடவை வரும் என்று 1 முதல் 5 வரை. இரண்டையும் பெருக்கினால் பச்சை, மஞ்சள், சிவப்பு. சிவப்பு வந்தால் டிசைனை மாற்ற வேண்டும், அதற்கு மாதக் கணக்கில் செல்லும். ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் ஒரு வரி சிவப்பில் நின்றது. அரை மணித்தியாலம் பேசினார்கள். டிசைன் மாறவில்லை, சோதனை மாறவில்லை. "எத்தனை தடவை" என்ற கட்டத்தில் 3 என்பது 2 ஆகியது, மஞ்சள் வந்தது, எல்லோரும் வீட்டுக்குப் போனோம். அங்கே இருந்தவர்கள் கெட்டவர்கள் இல்லை. பிள்ளைகுட்டிக்காரர்கள், ஆஸ்பத்திரிக்கு நல்ல கருவி போக வேண்டும் என்று உண்மையாகவே விரும்பியவர்கள். பிரச்சினை என்னவென்றால், அந்த 2-க்கும் 3-க்கும் ஆதாரம் கேட்கிற வேலை அந்த அறையில் யாருக்கும் கொடுக்கப்படவில்லை.

மென்பொருள் விஷயத்தில் இதற்கு ஒரு நல்ல பதில் ஏற்கெனவே இருக்கிறது. மருத்துவக் கருவி மென்பொருளுக்கான ஐ.இ.சி. 62304 தரநிலை 2006-இல் வந்தபோது ஒரு கடுமையான விதி வைத்தது: மென்பொருள் பிழையால் ஆபத்து வரக்கூடும் என்றால், அந்தப் பிழைக்கான வாய்ப்பை நூறு வீதம் என்று எடுத்துக்கொள். பத்தாயிரம் கோடியில் ஒன்று என்கிற கதையே வேண்டாம். பிழை வரத்தான் போகிறது, வந்தால் ஆளைக் காப்பாற்ற மென்பொருளுக்கு வெளியே என்ன வைத்திருக்கிறாய் என்பதுதான் கேள்வி. பூட்டு இருக்கிறதா இல்லையா? தெராக்-25-க்கு 1983-இல் இந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால் ஒரு பக்கத்தில் பதில் முடிந்திருக்கும்.

ஆனால் பூட்டு வைத்துத் தீர்க்க முடியாத ஆபத்துகளும் உண்டு. அவற்றில் ஒன்று எங்கட தோலிலேயே இருக்கிறது.

விரலில் மாட்டுகிற ஒக்சிமீற்றர் சிவப்பு ஒளியையும் அகச்சிவப்பு ஒளியையும் விரலுக்குள்ளால் பாய்ச்சி, இரத்தம் எவ்வளவு உறிஞ்சுகிறது என்று பார்த்து ஒக்சிஜன் அளவைச் சொல்கிறது. தோலின் கறுப்பு நிறமியும் அந்த ஒளியை உறிஞ்சும். கறுத்த தோலில் இந்தக் கருவி உண்மை அளவைவிடக் கூட்டிக் காட்டக்கூடும் என்று 1990-இலேயே ஆய்வு வந்தது, 2005-இலும் வந்தது. 2013-இல் அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. வெளியிட்ட வழிகாட்டி, சோதனைக்குக் குறைந்தது 10 பேர் வேண்டும், அதில் கறுத்த தோல் உள்ளவர்கள் குறைந்தது 2 பேர் அல்லது 15 வீதம், எது கூடவோ அது போதும் என்றது. பத்துப் பேரில் இரண்டு பேர். அந்த இரண்டு பேரையும் மற்ற எட்டுப் பேரோடு சேர்த்துச் சராசரி எடுத்தால் எல்லாம் நல்ல எண்ணாகத்தான் வரும்.

2020 டிசம்பரில், கோவிட் உச்சத்தில், மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவர்கள் ஒரு கணக்கை வெளியிட்டார்கள். ஒக்சிமீற்றர் 92 முதல் 96 வரை காட்டிய நோயாளிகளின் இரத்தத்தை நேரடியாகச் சோதித்தபோது, உண்மையில் 88-க்குக் கீழே இருந்தவர்கள் வெள்ளையரில் 3.6 வீதம், கறுப்பினத்தவரில் 11.7 வீதம். அதாவது, "உங்களுக்குப் பிரச்சினையில்லை, வீட்டுக்குப் போங்கள்" என்று சொல்லக்கூடிய எண்ணைக் காட்டிக்கொண்டு ஆள் உள்ளுக்குள் மூச்சுத் திணறிக்கொண்டிருக்கலாம். எங்கட ஆக்களின் நிறம் இந்த இரண்டுக்கும் இடையில் எங்கெங்கோ பரவிக் கிடக்கிறது. 2025 ஜனவரியில் எஃப்.டி.ஏ. வெளியிட்ட புதிய வரைவு சோதனைக்கு 150 பேர் அளவில், பல தோல் நிறங்களில் இருந்தும் எடுக்கச் சொல்கிறது. முதல் ஆய்வில் இருந்து 35 வருடம்.

இங்கே யாரும் பூட்டைக் கழற்றவில்லை, யாரும் பொய் எண் எழுதவில்லை. சராசரிப் பிழை ஏற்கத்தக்கது என்று முடிவெடுத்தார்கள், அவ்வளவுதான். ஆபத்து எல்லோருக்கும் ஒரே அளவாகப் பகிரப்படும் என்று அட்டவணை நினைக்கிறது. உண்மையில் அது சிலர் மேல் மட்டும் குவிகிறது, அந்தச் சிலர் அறைக்குள் இருப்பதில்லை. 1922-இல் அந்தப் பையனின் தகப்பனுக்கு மகனின் நிலைமை தெரியும், சம்மதித்தார். ஒக்சிமீற்றரை விரலில் மாட்டிய அம்மம்மாவிடம் யார் கேட்டது? பெட்டியில் பொடி எழுத்தில்கூட இதைப் போடவில்லை.

ஆகவே ஆபத்தை ஏற்கும் முடிவு எப்போது நியாயமானது என்று என்னைக் கேட்டால், எண் சின்னதாக இருக்கும்போது என்று சொல்ல மாட்டேன். யார் மேல் அந்த ஆபத்து விழும் என்று பெயர் சொல்லி எழுதியிருக்க வேண்டும். எந்தச் செய்தி வந்தால் இந்த முடிவைத் திரும்பத் திறப்போம் என்றும் அதே தாளில், கையெழுத்துக்கு மேலேயே எழுதியிருக்க வேண்டும். உதாரணமாக, "நோயாளி எரிகிறது என்று சொன்னால், காரணம் தெரியும் வரை மெசின் ஓடாது." ஒன்ராறியோவில் ஒரு பாலத்தின் வரைபடத்தில் லைசென்ஸ் உள்ள பொறியியலாளர் முத்திரை குத்த வேண்டும், பாலம் விழுந்தால் அவரைத் தேடி வருவார்கள். மென்பொருளில் அப்படி ஒரு முத்திரை வழக்கத்தில் இல்லை. அது வர வேண்டும் என்பது என் கருத்து. துறையில் இருக்கிற நண்பர்கள் சண்டைக்கு வருவார்கள், வரட்டும்.

இப்படிக் கேட்டால் புதுக் கருவிகள் வரத் தாமதமாகும், தாமதத்தாலும் ஆள் சாகும் என்று சொல்வார்கள். அது நேர்மையான வாதம். சீனி வருத்தம் உள்ள ஒரு பிள்ளைக்குத் தானியங்கி இன்சுலின் பம்ப் இரண்டு வருடம் பிந்தினால் அந்த இரண்டு வருடமும் தாய் இரவில் எழும்பி எழும்பிப் பார்க்க வேண்டும். ஆனால் நான் கேட்பது தாமதம் இல்லை. 1922-இல் முதல் ஊசிக்கும் இரண்டாவதுக்கும் இடையில் 12 நாள்தான் போனது. பிழையை உடனே ஒப்புக்கொண்டதால்தான் அவ்வளவு கெதியாகத் திருத்த முடிந்தது. தெராக்-25-ல் ஒப்புக்கொள்ளாததால் ஒன்றரை வருடம் போனது.

செய்தி மேலே போகிற வழியும் இப்போது கொஞ்சம் திறந்திருக்கிறது. ஓக்வில்லைச் சேர்ந்த 15 வயது வெனசா யங் 2000-ஆம் ஆண்டு ஒரு வயிற்று மருந்தின் விளைவால் இறந்த பிறகு, அவருடைய தகப்பன் பல வருடம் போராடினார். 2014-இல் வெனசா சட்டம் வந்தது. 2019 டிசம்பர் 16-இல் இருந்து கனடாவில் ஆஸ்பத்திரிகள் கருவிகளால் வரும் பாரதூரமான சம்பவங்களை 30 நாளுக்குள் கனடா சுகாதாரத் திணைக்களத்துக்கு அறிவிக்க வேண்டும். 1985-இல் ஹமில்ரனுக்கு இப்படி ஒரு கட்டாயம் இருந்து, அறிக்கை எல்லா ஆஸ்பத்திரிக்கும் போயிருந்தால், ரைலரில் அந்த மெசினை ஏப்ரல் 7-இல் மறுபடி ஓடவிட்டிருப்பார்களா?

ஆனால் கட்டாயம் ஆஸ்பத்திரிகளுக்குத்தான். எங்கட ஆக்கள் கருவி பாவிப்பது பெரும்பாலும் வீட்டில். வீட்டில் சென்சர் பிழையான எண்ணைக் காட்டி அப்பா மயங்கி விழுந்தால், "அது சைனாச் சாமான் போல" என்று சொல்லிக் குப்பையில் போட்டுவிட்டு வேறொன்று வாங்குகிறோம். கொம்பனியின் அட்டவணையில் அந்த வரி பச்சையாகவே இருக்கும். தனிப்பட்டவர்களும் திணைக்களத்துக்கு முறைப்பாடு செய்யலாம், இணையத்தில் படிவம் இருக்கிறது. ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும். தமிழ் மட்டும் பேசுகிற ஒரு முதியவர் ஸ்காபரோவில் ஓர் அடுக்குமாடியில் இருந்து அதை நிரப்பப் போவதில்லை.

அதை நிரப்ப வேண்டியது அவருடைய பிள்ளைகள். கருவியின் மொடல் இலக்கம், தொடர் இலக்கம், நடந்த திகதி, திரையில் என்ன காட்டியது, ஆளுக்கு என்ன செய்தது, இவ்வளவும் இருந்தால் பதினைந்து நிமிடத்தில் முடிகிற வேலை. கருவியை எறிந்துவிடாமல் திரையைப் படம் எடுத்து வையுங்கள். எங்கள் முதியோர் சங்கங்கள் வருமான வரிப் படிவம் நிரப்பிக் கொடுக்கிற மாதிரி மாதம் ஒரு நாள் இதற்கும் ஒரு மேசை போடலாம்.